ஏசினால் எடுக்கும் வண்டி

காய்ந்தான்விளையில் கோபம் என்கிற சரக்கு ஒரு பொட்டுகூட மிச்சமில்லாமல் தீர்ந்துபோன வருஷம் ஒன்று உண்டு, அது மழை பொய்த்த வருஷமும் இல்லை, எலெக்‌ஷன் வந்த வருஷமும் இல்லை, லிங்கத்துரையின் தவளை செல்ஃப் எடுக்காமல் நின்ற வருஷம். குளத்துத் தவளை இல்லை. ஊருக்குத் தெற்கே பரந்து கிடக்கிற செம்மணல் தேரியில், வெளியூரிலிருந்து வருகிறவர்களின் பிள்ளைகளை ஏற்றி மேட்டிலும் பள்ளத்திலும் விரட்டுவதற்கென்று அவன் வாங்கிப் போட்டிருந்த சின்ன நாலுசக்கர மணல் வண்டி. பச்சை பெயிண்டு, தடித்த டயரு, குந்தி உட்கார்ந்த மாதிரி உடம்பு. அதனால் தவளை.

மாசி மாதத்துக் காலையொன்றில் அதை லிங்கத்துரையும் அவன் பெண்டாட்டி செல்லக்கிளியும் தள்ளிக்கொண்டு தங்கக்கண்ணின் கடைக்கு வந்தார்கள். வேறு வழி இல்லை. செல்ஃப் மோட்டார், டைனமோ, பேட்டரி வேலைக்குப் பதினைந்து கிலோமீட்டருக்கு அவரை விட்டால் ஆள் கிடையாது.

"அமுக்கினா எடுக்கல அண்ணாச்சி" என்றான் லிங்கத்துரை.

தங்கக்கண் அவன் முகத்தைப் பார்த்துப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது. அன்றும் பார்க்கவில்லை. செல்லக்கிளியைப் பார்த்துச் சொன்னார்: "ஒன் வீட்டுக்காரன அஞ்சடி தள்ளி நிக்கச் சொல்லு. நெழலு வண்டி மேல விழுது."

விஷயம் இதுதான். பதினோரு வருஷத்துக்கு முன்னால் சித்திரை மாதத்துச் சனிக்கிழமை மத்தியானம் ஒன்றில், கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி பூங்கனி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள். ஊரில் அப்போது இருந்த ஒரே வேன் லிங்கத்துரையுடையது. ஓடிப்போய்க் கேட்டார். வாசலில் நின்றபடி அவன் சொன்னது மூன்றே வார்த்தை: "செல்ஃப் எடுக்கல அண்ணாச்சி." அடுத்த ஊரிலிருந்து ஆட்டோ வந்து சேர்ந்தபோது பூங்கனிக்கு ஆட்டோ தேவைப்படவில்லை. அந்த வேனுக்கு முந்தின செவ்வாய்க்கிழமைதான் தங்கக்கண் தன் கையால் செல்ஃப் மோட்டார் மாட்டியிருந்தார். அந்த மாதமே லிங்கத்துரை வேனை விற்றுவிட்டான், எந்த ஊருக்கு என்றுகூடத் தெரியவில்லை, போய்த் திறந்து பார்க்க வழியில்லை.

பொய் சொன்னான் என்பது அவருடைய கோபம். பொய் இல்லையென்றால் தான் மாட்டின மோட்டார்தான் அன்றைக்கு நின்றிருக்கிறது என்பது அந்தக் கோபத்துக்கு அடியில் கிடந்தது. கோபம் கிணற்றுமூடி மாதிரி. மேலே அது கிடக்கிறவரைக்கும் உள்ளே எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. அதனால் அந்த மூடியை அவர் காலையில் ஒருதரமும் சாயங்காலம் ஒருதரமும் தொட்டுப் பார்த்துக்கொள்வார், இருக்கிறதா என்று. இருக்கும்.

வண்டிக்கு வருவோம். மீட்டரை வைத்தார், பேட்டரி பன்னிரண்டரை வோல்ட் காட்டியது. ஃபியூஸ் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தார், நன்றாக இருந்தது. பிள்ளைகள் வண்டி என்பதால் பின்னால் ஒரு சிவப்புக் கயிறு தொங்கும், பிள்ளை தறிகெட்டு ஓட்டினால் பின்னால் ஓடுகிற தகப்பன் அதைப் பிடுங்கி வண்டியை நிறுத்த வேண்டும், அது சரியாக மாட்டியிருக்கிறதா என்று பார்த்தார், இருந்தது. பிரேக்கைப் பிடித்தால்தான் பட்டன் வேலை செய்யும், பிரேக் சுவிட்சையும் பார்த்தார், சரி. பிரேக்கைப் பிடித்துக்கொண்டு பட்டனை அமுக்கினார். சீட்டுக்கு அடியில் ரிலே டக் என்றது. அவ்வளவுதான். மோட்டாரைக் கழற்றி பேட்டரியில் நேராக வயர் கொடுத்தார், குலவை போட்டுச் சுற்றியது. திரும்ப மாட்டினார். பட்டனை அமுக்கினார். டக்.

"மோட்டார் நல்லாருக்கு, ரிலே நல்லாருக்கு, பேட்டரி நல்லாருக்கு" என்றார் தனக்குள்ளேயே. அடுத்து பார்க்க வேண்டியது என்ன என்பது அவருக்குத் தெரியும். பீடி ஒன்று பற்ற வைத்துக்கொண்டு பார்க்கலாம் என்று உள்ளே போனார். அந்த ஒரு பீடி நேரத்தில்தான் எல்லாம் கெட்டது.

செல்லக்கிளி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவள், காலில் கிடந்த செருப்பு இரண்டையும் கழற்றி ஒன்றைத் தவளை மேலும் ஒன்றைப் புருஷன் மேலும் எறிந்தாள். வெறுங்காலோடு மணலில் நின்று, பிரேக்கைப் பிடித்து, பட்டனைக் கட்டைவிரலால் நெரித்தாள்.

"ஏ நாசமாப் போவான் வண்டி! எந்தச் சங்கிலிய வித்து ஒன்ன வாங்குனான் தெரியுமா? எங்கம்மா போட்ட சங்கிலி! ஒன் வாயில மண்ணு விழ, ஒன்ன வாங்குனவன் வாயிலயும் மண்ணு விழ!"

தவளை எடுத்தது. சாதாரணமாக எடுக்கவில்லை, கோயில் கொடைவிழாவில் சாமி வந்தவன் குதிக்கிற மாதிரி ஒரு குதி குதித்து எடுத்தது. செல்லக்கிளி பட்டனிலிருந்து விரலை எடுத்தாள். புருஷனைப் பார்த்தாள். சங்கிலி விற்ற நாளிலிருந்து நாலு வருஷமாக அவள் கண்ணுக்குள் கிடந்த ஒரு சிவப்பு அங்கே இல்லை.

"சாப்பிட்டியளா?" என்று கேட்டாள்.

லிங்கத்துரை பயந்துபோய் இரண்டு அடி பின்னால் நகர்ந்தான்.

ஒரு வாரத்துக்குள் ஊருக்கு விவரம் பிடிபட்டுவிட்டது. ஏசினால் எடுக்கும், ஏசாவிட்டால் டக். வாய்க்கு வந்ததை ஏசினால் போதாது, உள்ளுக்குள் இருந்து வர வேண்டும். ஒரு கோபம் ஒரு தடவைதான் செல்லும். புதுக்கோபம் அரைச் சுற்று ஓடும், பழைய கோபம் நாள்கணக்கில் ஓடும். ஏசி முடித்தவனிடம் அந்தக் கோபம் இருக்காது, தேடினாலும் கிடைக்காது, பல் பிடுங்கின இடத்தை நாக்கு தடவுகிற மாதிரி கொஞ்ச நாள் தடவிக்கொண்டு திரிவான், பிறகு அதுவும் மறந்துவிடும். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. வண்டி எடுக்கிறது, அது போதும் லிங்கத்துரைக்கு. மனசு லேசாகிறது, அது போதும் ஊருக்கு.

இரண்டாவது வெள்ளிக்கிழமை யாரோ தவளையின் நெற்றிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். அதற்குப் பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கிட்டே போவது என்றாயிற்று. தங்கக்கண் ஸ்பேனரோடு ஒருநாள் போனார். "பாதி வேலைல விட்டேன், தள்ளு" என்றார். பிரசிடெண்டு வேதமாணிக்கம் குறுக்கே நின்றார்.

"வே, தொடாதேயும். ரிப்பேர் பாத்தா போயிரும்."

"ரிப்பேர் பாத்தா ரிப்பேர்தாம்வே போவும்."

"அதத்தாஞ் சொல்லுதேன். அது இருக்கட்டும்."

தங்கக்கண் காறித் துப்பிவிட்டுக் கடைக்குத் திரும்பினார். கடை தேரியைப் பார்த்த கடை. உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லாம் தெரியும். பார்க்க வேண்டாம் என்று முதுகைத் திருப்பி உட்கார்ந்தால் காதில் விழும்.

வந்தார்கள். வேலிச்சண்டைக்காரர்கள் வந்தார்கள், பனைமரச் சண்டைக்காரர்கள் வந்தார்கள், கல்யாண வீட்டில் பந்தியில் முதல் இலை கொடுக்கவில்லை என்று இருபது வருஷம் பேசாமலிருந்த சம்பந்திகள் கைகோத்துக்கொண்டு வந்து ஆளுக்கொரு தரம் ஏசிவிட்டுப் போனார்கள். மாமியார்கள் காலையிலும் மருமகள்கள் மாலையிலும் வந்தார்கள். ஸ்டேஷனிலிருந்து ஏட்டையா ஒருத்தர் வந்து, பூட்ஸ் காலோடு நின்று, மேலதிகாரியை நினைத்து, காது கூசுகிற மாதிரி கால்மணி நேரம் ஏசினார். டக். டக். ஒன்றும் நடக்கவில்லை.

"கவர்மெண்டு கோவம் செல்லாது ஏட்டையா" என்றது கூட்டம். அவரும் ஒத்துக்கொண்டு போய்விட்டார்.

கோபம் போன ஊர் எப்படியிருக்கும் என்று கேட்டால், உப்பில்லாத ஊறுகாய் மாதிரி இருக்கும். மீன்காரி சொன்ன விலைக்கு வாங்கினார்கள், அவள் அழுதாள், பேரம் பேச ஆளில்லாமல் நாக்கு ஒட்டிக்கொண்டது என்று. டீக்கடையில் பேப்பரைப் படித்துவிட்டு மடித்து வைத்தார்கள். பங்குனியில் சப்பரம் இழுக்கிற அன்றைக்கு, வருஷாவருஷம் யார் முதலில் வடம் பிடிப்பது என்று மண்டை உடைத்துக்கொள்ளும் வடக்குத் தெருவும் தெற்குத் தெருவும், "நீங்க பிடிங்க", "இல்லல்ல நீங்கதான் பிடிக்கணும்" என்று காலையிலிருந்து சாயங்காலம்வரை கும்பிட்டுக்கொண்டே நின்றதில், சாமி நின்ற இடத்திலேயே வெயில் காய்ந்துவிட்டு உள்ளே போனது. எல்லோரும் எல்லோரையும் பார்த்துச் சிரித்தார்கள். தங்கக்கண்ணைப் பார்த்தும் சிரித்தார்கள். அவருக்கு அதுதான் பொறுக்கவில்லை.

சித்திரை பிறந்தது. பள்ளிக்கூடம் லீவு விட்டு வெளியூர்க் கார்கள் தேரியில் வந்து நிற்கத் தொடங்கின. தவளைக்குக் கோபம் தேவைப்பட்டது, ஊரில் கோபம் இல்லை. பானையடியைச் சுரண்டுவதுபோல் சுரண்டிப் பார்த்தார்கள். காக்கா எச்சம் போட்டதற்கு ஏசினார்கள், வெயிலை ஏசினார்கள், தவளை அரை உறுமல் உறுமி நின்றது. வெளியூர்க்காரர்களை ஏசச் சொன்னார்கள். அவர்கள் ஷூ காலோடு வந்து, தங்களுக்குள் நன்றாகவே ஏசிக்கொண்டார்கள், தவளை டக் என்பதற்கு மேல் போகவில்லை. காய்ந்தான்விளைக் கோபம்தான் செல்லும் என்று ஊர் முடிவு செய்தது. அந்த முடிவுக்கு வந்த பிறகு எல்லோர் முகமும் மெதுவாக ஒரே திசைக்குத் திரும்பியது. ஊரில் பதினோரு வருஷம் ஊறின ஒரே ஒரு கோபம் பாக்கி இருந்தது.

அந்த வாரம் ஒரு மத்தியானம் லிங்கத்துரை கடைக்கு வந்தான். தனியாக வந்தான். உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்தான்.

"எந்திரிலே" என்றார் தங்கக்கண்.

எழுந்துகொண்டான். கோபப்படவில்லை. கோபப்பட அவனிடம் என்ன இருந்தது? தங்கக்கண் மேல் அவனுக்கு இருந்த கோபத்தை, தன்னை ஊர்முன்னால் பதினோரு வருஷம் கொலைகாரன் என்பதுபோல் முகம் பார்க்காமலிருந்தவர் மேலிருந்த கோபத்தை, பங்குனி முதல் வாரமே தவளை குடித்துவிட்டிருந்தது. அதோடு சேர்ந்து வேறெதுவோ போயிருந்தது போலும். பஸ் வருகிற நேரம் சொல்கிற குரலில் அவன் சொன்னான்.

"அண்ணாச்சி, அன்னைக்கு வேன் எடுத்திருக்கும்."

தங்கக்கண் கையிலிருந்த மோட்டார் ஆர்மேச்சரைக் கீழே வைத்தார்.

"நான் சாவியே போடல அண்ணாச்சி. சாயங்காலம் கல்யாணச் சவாரி ஒண்ணு ஒத்துக்கிட்டிருந்தேன். ஒங்க மொகத்தப் பாத்தேன், மைனி பாதி வழியிலயே போயிருவாங்கன்னு தோணிட்டு. வண்டியில உயிரு போச்சுன்னா பொறவு எவன் கல்யாணத்துக்குக் கூப்பிடுவான்? வாயில வந்தத சொன்னேன். செல்ஃப் எடுக்கலன்னு வந்துட்டு."

சொல்லிவிட்டு, பாரம் இறக்கினவன் மாதிரி இடுப்பை நெளித்துக்கொண்டு போய்விட்டான்.

பதினோரு வருஷமாக அந்த வேனின் மோட்டாரைத் தங்கக்கண் மனசுக்குள் தினமும் பிரித்துக்கொண்டிருந்தார். கார்பன் பிரஷ் தேய்ந்ததை மாற்றினேனா, புஷ்ஷுக்குக் கிரீஸ் வைத்தேனா, நட்டை முறுக்கினேனா. அந்த மோட்டார் இப்போது கைக்குள்ளிருந்து விழுந்தது. அதில் ஒரு பழுதும் இல்லை. செவ்வாய்க்கிழமை மாட்டின செல்ஃப் சனிக்கிழமை நன்றாகத்தான் இருந்தது. மூடியைத் தூக்கிவிட்டு எட்டிப் பார்த்தார், கிணறே இல்லை. வெறும் தரை. அந்தத் தரையிலிருந்து புதிதாக ஒன்று முளைத்து வந்தது. அது பயம் இல்லை.

மூன்றாம் நாள் காலை பிரசிடெண்டு வேதமாணிக்கம் ஊரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"வே தங்கக்கண்ணு, லிங்கத்துரை உம்மகிட்ட உள்ளதச் சொல்லிட்டான்லா. இன்னும் என்னத்துக்கு மனசுல வச்சிக்கிட்டு? பதினோரு வருசம் வச்சிருந்தது போதாதாவே? வாரும், வந்து ஒரு ஏச்சு ஏசி எறக்கி வச்சிரும். வண்டி ஒரு மாசம் ஓடும். ஒமக்கும் ராத்திரி ஒறக்கம் வரும்."

"இத்தன வருசமும் என்கிட்ட இருந்தது பயம்வே" என்றார் தங்கக்கண். "கோவம் பொறந்து மூணு நாளுதான் ஆச்சு. மூணு நாளுப் பச்சப்புள்ளயத் தூக்கிக் குடுன்னா குடுப்பனா?"

"கோவம் நல்லதில்ல பாத்துக்கிடும்."

"ஒமக்கென்னவே தெரியும்? ஒம்மகிட்டதான் இல்லையே."

கோபமுள்ள கூட்டமென்றால் நாலு அடி அடித்துவிட்டுக் கலைந்திருக்கும். இது சிரித்த கூட்டம். சிரித்தபடியே நாலு பேர் அவர் கையைப் பிடித்தார்கள், நாலு பேர் இடுப்பைப் பிடித்தார்கள், வலிக்காமல், மாப்பிள்ளையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு ரோட்டைத் தாண்டித் தேரிக்குப் போனார்கள். திமிறினார். கடித்தார். கடிபட்டவன், "பரவால்ல அண்ணாச்சி, பல்லு வலிச்சிரப் போவுது" என்றான். தவளைக்குப் பக்கத்தில் இறக்கினார்கள். ஒருத்தன் குனிந்து அவர் காலிலிருந்து ரப்பர் செருப்பை உருவினான். சித்திரை மாதச் செம்மணல் உள்ளங்காலில் சுள்ளென்று ஏறியது. அவர் கட்டைவிரலைப் பிடித்துப் பட்டன்மேல் வைத்தார்கள். பிரேக்கை வேதமாணிக்கமே பிடித்துக்கொண்டார்.

"ஏசும்" என்றார்.

ஏச்சு வாய்வரைக்கும் வந்துவிட்டது. உள்ளங்காலுக்கடியில் மணல் இழுப்பதை தங்கக்கண் உணர்ந்தார், அலை வாங்கும்போது கடற்கரையில் கால் இழுபடுமே, அந்த மாதிரி. வாயைத் திறந்தால் போய்விடும். மூன்று நாள் பிள்ளை. பூங்கனிக்கென்று இந்த உலகத்தில் கோபப்பட மிச்சமிருந்த ஒரே ஆள் இந்த மணலில் ஒழுகிப்போய், நாளைக்கு லிங்கத்துரையைப் பார்த்து, சாப்பிட்டியாலே என்று கேட்பான். பல்லைக் கடித்துக்கொண்டார். கடித்த பல்லுக்கிடையில் கேட்டார்:

"செருப்ப எதுக்குலே கழத்துன?"

"சாமி அண்ணாச்சி. செருப்புக் காலோட எப்பிடி?"

"செருப்புப் போட்டுக்கிட்டு எவனாவது ஏசி எடுத்திருக்கானா?"

யோசித்தார்கள். ஏட்டையாவின் பூட்ஸ். வெளியூர்க்காரர்களின் ஷூ. கடைவாசலில் ரப்பர் செருப்போடு நின்று அவரே இரண்டு தடவை அமுக்கியது.

"இல்ல" என்றான் செருப்பு உருவினவன்.

"எர்த்து" என்றார் தங்கக்கண்.

பீடி பற்ற வைக்கப் போனபோது பார்க்காமல் விட்ட அடுத்த வேலை அதுதான். பேட்டரியிலிருந்து வண்டியின் சட்டத்துக்குப் போகிற கறுப்பு வயர். அது சட்டத்தைத் தொடவில்லையென்றால் ரிலே டக் என்னும், மோட்டார் சுற்றாது. சட்டத்தில் எர்த்து கிடைக்காத வண்டி, அமுக்கினவன் உடம்பு வழியாக மண்ணில் எர்த்து எடுத்திருக்கிறது. போகிற வழியில் கோபத்தையும் அள்ளிக்கொண்டு போயிருக்கிறது. படித்தவர்கள் இப்படி நடக்காது என்பார்கள். நடந்தது.

"ஏட்டி, என் கடையில பத்தாம் நம்பர் ஸ்பேனரு கெடக்கு, எடுத்துட்டு வா" என்று செல்லக்கிளியைப் பார்த்துக் கத்தினார். எடுத்து வந்தாள், ஏனென்று கேட்கிற கோபம்கூட அவளிடம் இல்லை. கூட்டத்திடமும் இல்லை. கெஞ்சினார்கள், "வேண்டாம் அண்ணாச்சி", "பாவம் அண்ணாச்சி" என்றார்கள், ஒருத்தரும் கையைப் பிடிக்கவில்லை, ஸ்பேனர் பிடித்த கையைப் பிடிக்கக் கொஞ்சம் முரட்டுத்தனம் வேண்டுமே.

சீட்டைத் தூக்கினார். சட்டத்தில் எர்த்து போல்ட்டு இறுக்கமாகத்தான் இருந்தது. கழற்றினார். வயர் முனைக்கும் சட்டத்துக்கும் நடுவில் சுற்றிச் சுற்றி, மஞ்சளெண்ணெய் ஊறி, மணல் ஒட்டிக் கெட்டித்து, கறுப்பு வயரோடு கறுப்பாக ஒரு கயிறு. கண்ணேறுக் கயிறு. வண்டி வாங்கின அன்றைக்கு ஊர்க்கண் படக்கூடாதென்று லிங்கத்துரை கட்டினது. வெளியே கட்டினால் பிள்ளைகள் பிய்த்துவிடுமென்று போல்ட்டைக் கழற்றி உள்ளே வைத்து இறுக்கியிருந்தான். அது ஊற ஊற, மாசியில் தொடர்பு விட்டுப்போயிருக்கிறது.

அடுத்தவன் வண்டியின் கண்ணேறுக் கயிற்றை அந்தப் பக்கத்தில் யாரும் அறுக்கமாட்டார்கள். அறுத்தவன்மேல் அத்தனை கண்ணும் வந்து ஏறும் என்பார்கள். தங்கக்கண் அறுத்தார். சட்டைப் பையிலிருந்த உப்புத்தாளால் சட்டத்தையும் முனையையும் வெள்ளி தெரியத் தேய்த்தார். முறுக்கினார். செருப்பைப் பிடுங்கிக் காலில் போட்டுக்கொண்டார். வாயை இறுக்கி மூடிக்கொண்டு, பிரேக்கைப் பிடித்து, பட்டனை அமுக்கினார்.

தவளை எடுத்தது. சாதாரணமாக எடுத்தது, எந்த வண்டியும் எடுக்கிற மாதிரி.

"இனிமே எவன் அமுக்குனாலும் எடுக்கும்" என்றார்.

வேதமாணிக்கம் பட்டனைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "அப்போ ஒம்ம கோவம்?"

"அதுக்கு ஆளு இருக்கு."

திரும்பினார். பதினோரு வருஷத்துக்குப் பிறகு லிங்கத்துரையின் முகத்தை நேராகப் பார்த்தார். வயசாகியிருந்தது. மேல்வரிசையில் ஒரு பல் இல்லை.

"ஏலே லிங்கத்துர. இங்க வா. வண்டிக்கிட்ட இல்ல, என்கிட்ட வா."

வந்தான்.

"பூங்கனிக்கு நாப்பத்தாறு வயசு."

"ஆமா அண்ணாச்சி."

"நான் ஒன் வாசல்ல நின்னு கையெடுத்துக் கும்பிட்டேன்."

"கும்பிட்டிய அண்ணாச்சி."

"நீ சாவியக்கூடப் போடல."

"போடல அண்ணாச்சி."

பிறகு ஏசினார். அந்த ஏச்சை எழுத முடியாது. அவன் பிறந்ததிலிருந்து தொடங்கி, வேனின் நம்பரைச் சொல்லி, கல்யாணச் சவாரியைச் சொல்லி, பாதி காயப்போட்டுப் பாதி வாளியில் கிடந்த துணிகளை ஒவ்வொன்றாகச் சொல்லி, சேலை, துண்டு, தலையணை உறை என்று எண்ணிச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஏச்சாக ஏசினார். இத்தனை நாளும் இயந்திரத்தைப் பார்த்தே ஏசிப் பழகின ஊர், ஒரு மனுஷன் இன்னொரு மனுஷனின் கண்ணைப் பார்த்து ஏசுவதை முதல்முறையாகப் பார்ப்பதுபோல் பார்த்தது. லிங்கத்துரையிடம் திருப்பி ஏச ஒன்றுமில்லை. ஓடிப்போகிற அளவுக்குக்கூட ஒன்றுமில்லை. வெறுங்காலைச் சூட்டுக்கு மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டு முழுவதையும் கேட்டான். பக்கத்தில் தவளை உறுமிக்கொண்டே நின்று, பெட்ரோல் தீர்ந்து, அணைந்தது. அதற்குப் பிறகும் ஏசினார்.

குரல் கம்மியபோது நிறுத்தினார். தொட்டுப் பார்த்தார். அப்படியே இருந்தது, ஒரு பொட்டுக் குறையவில்லை.

"நாளைக்கும் வருவேன்" என்றார்.

"எத்தன மணிக்கு அண்ணாச்சி?"

"காலையில."

"சரி அண்ணாச்சி."

மறுநாள் காலையில் போனார். லிங்கத்துரை வாசலில் நின்றுகொண்டிருந்தான்.